தஞ்சாவூர் வீட்டில் ஒரு பத்து வாட் சர்வர்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு சொந்த வீடு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், அவர் மனைவி, இருவர் மட்டும் அங்கே இருக்கிறார்கள். மகள் சென்னையில், மகன் சிங்கப்பூரில். குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வீட்டிலேயே எப்போதும் ஓடும் ஒரு சின்னக் கணினியில், அதாவது சர்வரில், சேர்த்து வைக்கும் இந்த வேலை 2024 மார்ச்சில் மகள் மூலமாக என்னிடம் வந்தது.

பிரச்சினை எல்லா வீட்டிலும் இருப்பதுதான். கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் இலவசமாக ஏற்றும் வசதி 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றது. அதற்குப் பிறகு எடுத்த படங்கள் ஒவ்வொருவரின் 15 ஜிபிக்குள்ளும் அடங்காமல் வழிந்துகொண்டிருந்தன. அம்மாவின் போன் வாரம் ஒருமுறை 'இடமில்லை' என்று சொல்லும், அவரும் பழைய வீடியோக்களை அழிப்பார். எதை அழித்தார் என்று பிறகு யாருக்கும் தெரியாது. வீட்டில் இரண்டு 2 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தன. மகன் வாங்கியது ஒன்று, மகள் வாங்கியது ஒன்று. இரண்டிலும் அரைகுறையாக, ஒரே படம் மூன்று நான்கு முறை. இரட்டைப் பிரதிகளைக் கழித்துப் பார்த்தபோது சுமார் 61,000 கோப்புகள், 380 ஜிபி.

படங்களைத் தவிர வேறு இரண்டு விஷயங்களும் இருந்தன. வீட்டுப் பத்திரம், பட்டா, மருத்துவ ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டு வாட்ஸ்அப்பில் கிடந்தன. இன்னொன்று, பெரியவரின் அப்பா 1980-களில் திருவையாறு ஆராதனையில் போய்ப் பதிவு செய்து வைத்திருந்த ஒலிநாடாக்கள். அவற்றைக் கணினிக்கு மாற்றும் வேலையைப் பெரியவர் தானே தொடங்கியிருந்தார். 90 நிமிட நாடா ஒன்றை சிடி தரத்தில் சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 950 எம்பி ஆகும். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் வைத்தால் அதில் பாதிக்குப் பக்கம் வரும்.

பெரியவர் போட்ட நிபந்தனைகள் மூன்று: மொத்தச் செலவு 20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, கரண்ட் பில் ஏறக் கூடாது, "தம்பி, இதைப் பார்த்துக்கிற வேலை எனக்கு இருக்கக் கூடாது." மூன்றாவதுதான் கடைசிவரை கஷ்டமாக இருந்தது.

இதைச் செய்துதான் ஆக வேண்டுமா?

முதலில் இந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொண்டோம். கூகுளின் 200 ஜிபி கட்டணத் திட்டத்தில் 380 ஜிபி அடங்காது. அடுத்த படி 2 டிபி. அப்போது ஆண்டுக்கு ரூ.6,500. அதாவது 20,000 ரூபாய் சர்வர் பணக்கணக்கில் ஈடாக மூன்று ஆண்டுகள் பிடிக்கும், அதுவும் நடுவில் எதுவும் பழுதாகாமல் இருந்தால். பணத்தை மட்டும் பார்த்தால் வாடகை மேகமே (இப்படிக் காசு கட்டும் இணையச் சேமிப்பு) பரவாயில்லை என்று அவர்களிடம் சொன்னேன். அவர்களுக்கு வேறு காரணம் இருந்தது. மாதாமாதம் கட்டும் ஒருவருடைய கார்டு காலாவதியானால் குடும்பத்தின் படமெல்லாம் அந்தரத்தில் நிற்கும் என்பது மகளின் கவலை. பத்திர நகல்கள் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பது பெரியவரின் கவலை. சரி, செய்வோம் என்று முடிவானது.

அதே பேச்சில் சில தேவைகளைக் கழித்தோம். நான்கு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) வேண்டாம், ஒரே தரவை ஒரே நேரத்தில் பல டிஸ்க்குகளில் எழுதும் ரெய்டு வேண்டாம். ஒரு டிஸ்க் போனால் உடனே அடுத்தது கைகொடுக்க வேண்டிய அவசரம் இந்த வீட்டில் இல்லை. இரண்டு நாள் படம் பார்க்க முடியாமல் போனால் ஒன்றும் ஆகிவிடாது. படம் தொலையக் கூடாது, அவ்வளவுதான். தவறி அழித்தாலோ, வைரஸ் வந்தாலோ, வீட்டில் திருடு போனாலோ ரெய்டு காப்பாற்றாது. அந்தப் பணம் இரண்டாவது, மூன்றாவது பிரதிக்குப் போகட்டும் என்பதுதான் இந்த வேலை முழுக்க நான் எடுத்த நிலை.

முதல் அளவீடு

வீட்டில் 2012 வாக்கில் வாங்கிய ஒரு டெஸ்க்டாப் இருந்தது. மூன்றாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், நல்ல ஓட்டத்தில்தான் இருந்தது. மகன் தொலைபேசியில், "அண்ணா, அதையே போட்டுடலாமே, காசே இல்லையே" என்றார். நியாயமான கேள்வி. அளந்து பார்த்தோம்.

பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை வைத்தோம். இந்த மலிவு மீட்டர்கள் பத்து வாட்டுக்குக் கீழே அவ்வளவு நம்பிக்கையானவை அல்ல. அதனால் அந்த நொடியில் காட்டும் எண்ணை விட்டுவிட்டு, சில நாட்கள் ஓடவிட்டு மொத்த யூனிட்டை மணிக்கணக்கால் வகுத்தோம். பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போது சராசரி 52 வாட். 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாத பில்லில் 75 யூனிட்.

75 யூனிட் பெரிதா என்று கேட்டால், அந்த வீட்டுக்குப் பெரிதுதான். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அப்போதைய விதிப்படி முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விகிதமும் போய்விடும். பெரியவர் பில்களை வரிசையாக ஃபைல் போட்டு வைத்திருந்தார், வங்கிக்காரர் அல்லவா. வெயில் காலத்து பில்கள் இரண்டு ஏற்கெனவே 500-க்கு மேலே. மற்றவை 410-க்கும் 460-க்கும் நடுவில். 75 யூனிட் கூட்டினால் அவற்றில் பலவும் கோட்டைத் தாண்டும். பத்து வாட் பெட்டி என்றால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம். 460-ல் இருந்த பில் 475-க்குள் நிற்கும்.

இன்வெர்ட்டர் கணக்கும் அதே பக்கம்தான் சாய்ந்தது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி. காகிதத்தில் 1,800 வாட்-அவர். இழப்பு, பேட்டரி வயது எல்லாம் போக 1,100 கிடைக்கும் என்று வைத்துக்கொண்டோம். இரவில் இரண்டு ஃபேன், லைட், ரவுட்டர் சேர்ந்து 180 வாட் என்றால் ஆறு மணி நேரம் ஓடும். அதில் 52 வாட் சேர்த்தால் நாலே முக்கால் மணி நேரம். படத்தைக் காப்பாற்றப் போய் பெரியவர்களின் தூக்கத்தைக் கெடுத்ததாகிவிடும். பத்து வாட் சேர்த்தால் கால் மணி நேரம்தான் குறையும்.

இலவச டெஸ்க்டாப் அங்கேயே தள்ளுபடி.

எந்தப் பெட்டி

மூன்று வழிகள் எதிரே இருந்தன. ராஸ்பெர்ரி பை 5: மின்சாரம் மிகக் குறைவு, ஆனால் போர்டு, 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர், பெட்டி, குளிர்விப்பான், எஸ்எஸ்டி போடத் தனிப் பலகை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் விலை அடுத்த இரண்டு வழிகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. எஸ்டி கார்டை நம்பி ஒரு குடும்பத்தின் படங்களை வைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது, இன்டெல் என்100 போட்ட புது மினி பிசி. நான்கு கோர், 6 வாட் டிடிபி (சில்லின் வெப்ப வரம்பு), புதியது என்பதால் வாரன்ட்டி. நல்ல தேர்வு; ஆனால் அப்போது எங்களுக்குக் கிடைத்த விலையில் எஸ்எஸ்டி, பேக்கப் எல்லாம் சேர்த்தால் 20,000-க்குள் அடங்கவில்லை.

மூன்றாவது, அலுவலகங்கள் கழித்துவிட்ட ஒரு லிட்டர் கணினி. கெட்டி அட்டை போட்ட புத்தகம் அளவுதான் இருக்கும். லெனோவோ, டெல், எச்பி மூவருமே இந்த அளவில் செய்திருக்கிறார்கள். இவை மலிவாகக் கிடைக்க ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகப் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல்லிலிருந்துதான் ஏற்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடியும் என்று முன்பே அறிவித்திருந்ததால் நிறுவனங்கள் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளைக் கட்டுக்கட்டாகக் கழித்துக்கொண்டிருந்தன. லினக்ஸ் போடப்போகும் நமக்கு அந்தத் தடை பொருட்டில்லை.

ஆறாம் தலைமுறையை விட்டு ஏழாம் தலைமுறை ஐ5-7500டி-ஐப் பிடித்ததற்கு மகளின் ஐபோன் காரணம். அது எச்டிஆர் (ஒளியும் நிறமும் கூடுதல் விரிவாகப் பதியும்) வீடியோவை 10-பிட் எச்இவிசி என்ற சுருக்க வடிவத்தில் பதிவு செய்கிறது. இன்டெல்லின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் அந்த வடிவத்தை வன்பொருளிலேயே முழுதாகக் கையாளத் தொடங்கியது ஏழாம் தலைமுறையில்தான். அதில்லாமல் போனால் ஒவ்வொரு வீடியோவுக்கும் நான்கு கோரும் மூச்சு வாங்கும். 'டி' எழுத்துக்காரச் சில்லுகள் 35 வாட் வரம்புக்குள் அடங்குபவை. ஆனால் சும்மா இருக்கும்போது 'டி' இல்லாதவையும் அவ்வளவேதான் இழுக்கும். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

சென்னை ரிச்சி தெருவில் மகள் போய் வாங்கினார். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டியோடு ரூ.9,500. கடைக்காரர் அங்கேயே ஆன் செய்து காட்டினார், பார்த்துத்தான் வாங்கினார்.

வந்த பெட்டியில் கண்டவை

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 நிறுவி, படங்களுக்கு இம்மிச், பாட்டுக்கு ஜெல்லிஃபின், பத்திரங்களுக்கு வீட்டு நெட்வொர்க்கில் பகிரும் ஒரு சாம்பா ஃபோல்டர் என்று, மென்பொருள்களைத் தனித்தனிப் பொதியாக ஓட்டும் டாக்கரில் வைத்தோம். இம்மிச்சின் முகம் அறியும் பகுதிக்கு ராம் தாராளமாக வேண்டும் என்பதால் இன்னொரு 8 ஜிபி, ரூ.1,500.

படங்களை ஏற்றத் தொடங்கியதும் பெட்டி இழுத்து இழுத்து வேலை செய்தது. சிறுபடங்கள் உருவாவதே மணிக்கணக்கில் போனது. ராம் நிறையவில்லை, சூடும் இல்லை. சிபியு வேகத்தைப் பார்த்தால் நான்கு கோரும் 800 மெகாஹெர்ட்ஸிலேயே நின்றன. எவ்வளவு வேலை கொடுத்தாலும் மேலே ஏறவில்லை.

திரை ஒன்றை மாட்டி மறுபடி ஆன் செய்தபோது விடை கிடைத்தது: அடாப்டரை அடையாளம் காண முடியவில்லை, தொடர ஒரு விசையை அழுத்துங்கள் என்று ஒரு செய்தி. இந்த வகைப் பெட்டிகள் சிலவற்றில் அடாப்டர் முனையின் நடுவில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். அதன் வழியாகத்தான் அடாப்டர் தன் வாட் அளவைப் பெட்டிக்குச் சொல்கிறது. கடையில் கொடுத்தது 65 வாட் என்று அச்சிட்ட மாற்று அடாப்டர். மின்சாரம் கொடுக்கும், ஆனால் தன்னைச் சொல்லாது. எவ்வளவு தாங்குமோ என்ற பயத்தில் பெட்டி சிபியுவைக் கட்டிப்போட்டுவிடுகிறது.

வேகத்தை மென்பொருளால் அவிழ்த்துவிட வழிகள் உண்டு. அதைச் செய்யவில்லை. காரணம் வேகம் அல்ல, அந்த 'விசையை அழுத்துங்கள்'. கரண்ட் போய் வந்தபின் திரையும் கீபோர்டும் இல்லாத பெட்டி யாராவது வந்து அழுத்தட்டும் என்று காத்திருக்கும். அசல் அடாப்டர் பழையது ஒன்று ரூ.850-க்குக் கிடைத்தது. மாட்டியதும் செய்தி மறைந்தது, வேகம் 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது, 61,000 கோப்புகளின் முகம் பிரிக்கும் வேலை ஒரு வார இறுதிக்குள் முடிந்தது.

அடுத்து மின்சாரம். முதல் நாள் சும்மா இருக்கும்போது 17 வாட் காட்டியது. ஏமாற்றம்தான். பயோஸில் (பெட்டி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) சிபியுவின் ஆழ்ந்த உறக்க நிலைகள் அணைக்கப்பட்டிருந்தன. பழைய அலுவலகம் ஏதோ காரணத்துக்காக அப்படி வைத்திருக்கலாம். அவற்றைத் திறந்தோம், பயன்படாத வைஃபை கார்டைக் கழற்றினோம், பவர்டாப் என்ற மின்சேமிப்புக் கருவி சொன்ன மாற்றங்களை ஒவ்வொரு முறையும் தானாகப் போடும்படி வைத்தோம். 9 வாட்டுக்கு வந்தது. முகம் பிரிக்கும்போது 40 வரை ஏறும், ஆனால் அது எப்போதாவது நடப்பது. மாதக் கணக்கைத் தீர்மானிப்பது பெட்டி சும்மா இருக்கும் நேரம்தான்.

எங்கே வைப்பது என்பதும் கொஞ்சம் அலைக்கழித்தது. அம்மாவுக்கு அது டிவி அலமாரிக் கதவுக்குள் இருந்தால் அழகு. மே மாத வெயிலில் மூடிய கதவுக்குள் சிபியு சும்மா இருந்தே எழுபது டிகிரியை எட்டியது. ரவுட்டர் பக்கத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு திறந்த தட்டுக்கு மாற்றினோம். பெட்டியின் பின்பக்கத் துளைகளில் மெல்லிய வலைத்துணி ஒட்டியிருக்கிறது. சிரிக்காதீர்கள், இன்வெர்ட்டருக்குள் பல்லி போய் ஷார்ட் ஆன வீடு அது.

சேமிப்பு

பெரியவரின் யோசனை, ஏற்கெனவே இருக்கும் 2 டிபி போர்ட்டபிள் டிஸ்க் ஒன்றையே யூஎஸ்பியில் மாட்டி அதில் படங்களை வைக்கலாம் என்பது. ரூ.5,700 மிச்சம். முயன்று பார்த்தோம்.

நகல் எடுக்கும்போது முதலில் நொடிக்கு 100 எம்பி போல் போனது, கொஞ்ச நேரத்தில் 20-க்கு இறங்கி அங்கேயே நின்றது. இந்தச் சின்ன டிஸ்க்குகள் பலவற்றில் தடங்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து இருக்கும். ஒன்றைத் திருத்தப் பக்கத்தில் இருப்பதையும் திரும்ப எழுத வேண்டும் என்பதால், தொடர்ந்து எழுதினால் திணறும். அது பரவாயில்லை, ஒருமுறைதானே ஏற்றப்போகிறோம். பயமுறுத்தியது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவேடு. யூஎஸ்பி இணைப்பு ரீசெட் ஆனதாக வரிக்கு வரி. இரண்டு தடவை டிஸ்க்கே கழன்று, மறுபடி வேறு பெயரில் வந்து உட்கார்ந்தது. கேபிளை மாற்றினோம், பின்பக்கப் போர்ட்டுக்கு மாற்றினோம், மின்சேமிப்பிலிருந்து அந்த இணைப்பை விலக்கினோம். குறைந்தது, நிற்கவில்லை.

வாரம் ஒருமுறை பேக்கப் எடுக்க இது போதும். நகல் பாதியில் நின்றால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். ஆனால் இம்மிச்சின் டேட்டாபேஸ் இரவும் பகலும் எழுதிக்கொண்டிருக்கும் இடமாக இருக்கத் தகாது. பெட்டிக்குள் இருந்த 2.5 இஞ்ச் இடத்தில் 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டோம், ரூ.5,700. லினக்ஸின் வழக்கமான கோப்பு அமைப்பான எக்ஸ்ட்4-இல் வைத்தோம், வசதிகள் கூடிய இசட்எஃப்எஸ் அல்ல. ஒரே டிஸ்க் உள்ள வீட்டில், நான் இல்லாத நாளில் வேறு யார் வந்தாலும் படிக்கத் தெரிந்த வடிவமாக இருப்பது முக்கியம் என்று நினைத்தேன்.

பழைய இரண்டு போர்ட்டபிள் டிஸ்க்குகளும் பேக்கப்புக்குப் போயின. ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் மூலம் மறையாக்கம் செய்து ஒவ்வொரு ஞாயிறு இரவும் ஒன்றில் நகல் விழும். இன்னொன்று சென்னையில் மகள் வீட்டு பீரோவில். அவர் உழவன் எக்ஸ்பிரஸில் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து மாற்றி எடுத்துப் போவார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நடுவே எப்படியும் சில தடவை வருகிறார். இணையம் வழியாகவே சென்னைக்கு நகல் அனுப்பலாம்தான். அதற்கு அங்கேயும் எப்போதும் ஓடும் ஒரு பெட்டி வேண்டும், அதையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்க

சிங்கப்பூரில் இருக்கும் மகன் படங்களைப் பார்க்க வேண்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி ஐபி முகவரியைப் பார்த்தால் 100-இல் தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை இருந்தால் அது சிஜிநாட். பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன, வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழியில்லை. தனி முகவரிக்கு இணைப்புக்காரர் ஆண்டுக் கட்டணம் கேட்டார். மறுத்தோம். வீட்டுச் சர்வரை ஊருக்குத் திறந்து வைக்கும் எண்ணமே எங்களுக்கு இல்லை. நம் சாதனங்களை மட்டும் ஒரு தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் சிஜிநாட்டுக்குப் பின்னாலும் வேலை செய்யும், சிறு குடும்பத்துக்கு இலவசத் திட்டம் போதும். நால்வரின் போனிலும் போட்டாயிற்று. வேகம் சுமார், படம் பார்க்கப் போதும்.

மழையில் படுத்த பெட்டி

கோடை ஒழுங்காகப் போனது. இன்வெர்ட்டரை யுபிஎஸ் நிலையில் வைத்திருந்தோம். சாதாரண நிலையைவிட அதில் கரண்ட் மாறும் இடைவெளி குறைவு, பெட்டி அசையாது. கரண்ட் முழுதாகப் போய்த் திரும்பினால் தானாக ஆன் ஆகும்படி பயோஸிலும் வைத்திருந்தோம். பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுச் சோதித்ததில் ஒவ்வொரு முறையும் எழுந்தது. ரவுட்டருக்கு மட்டும் தனியாக ஒரு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ், ரூ.1,400. அதோடு மொத்தச் செலவு ரூ.18,950-இல் நின்றது.

2024 நவம்பர் கடைசி வாரம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடப்பதற்கு முன்பே டெல்டாவில் மழை பிடித்துக்கொண்டது. பெரியவர்கள் இருவரும் சென்னையில் மகள் வீட்டில். வீட்டில் நீண்ட நேரம் கரண்ட் இல்லை, இன்வெர்ட்டரும் தீர்ந்தது. கரண்ட் வந்தபின் ரவுட்டர் எழுந்தது, சர்வர் எழவில்லை. டெயில்ஸ்கேலில் பெட்டியின் பெயர் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. பக்கத்து வீட்டில் சாவி இருந்தாலும் மழையில் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார். டிசம்பர் நடுவில் அவர்கள் திரும்பிய பிறகே பார்க்க முடிந்தது.

பட்டனை அழுத்தியதும் ஆன் ஆனது. கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. பயோஸ் அமைப்பெல்லாம் ஆலை நிலைக்குத் திரும்பியிருந்தது. கரண்ட் வந்தால் அணைந்தே இரு என்பது அதன் இயல்பு நிலை. உள்ளே இருந்த சிஆர்2032 பட்டன் செல்லை மல்டிமீட்டரில் வைத்தால் 1 வோல்ட்கூட இல்லை. புதியது 3 வோல்ட் காட்டும். பெட்டி செய்த நாளிலிருந்து அதே செல்தான் போலிருக்கிறது. பிளக்கை ஒரு நிமிடம் பிடுங்கிப் போட்ட சோதனைகளில் இது தெரியாது, அந்த நேரத்துக்குப் போர்டில் மிச்சமிருக்கும் மின்னூட்டமே அமைப்பைக் காப்பாற்றிவிடும். பல மணி நேரம் இருண்டு கிடந்தபோதுதான் வெளியே வந்தது.

புதுச் செல் போட்டு, அமைப்புகளைத் திரும்ப வைத்து, பெட்டியை ஒரு இரவு முழுக்கப் பிளக்கிலிருந்து கழற்றி வைத்துவிட்டுக் காலையில் மாட்டினோம். தானாக எழுந்தது. உறக்க நிலைகளும் பழையபடி அணைந்திருந்ததால் அவற்றையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. இல்லையென்றால் மறுபடி 17 வாட்டில் ஓடிக்கொண்டிருந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அந்த நாட்களில் எடுத்த படங்கள் எதுவும் போகவில்லை. போன்களில் அப்படியே இருந்தன, சர்வர் எழுந்ததும் வரிசையாக ஏறின. இம்மிச் செயலி போனிலிருந்து சர்வருக்கு ஒருவழியாக ஏற்றுவது. போனில் அழித்தது சர்வரிலிருந்து போகாது. அம்மா தைரியமாக அழிக்கலாம் என்பதே அவருக்கு இந்தப் பெட்டியின் முழுப் பயன். ஆனால் சர்வர் படுத்திருந்த நாட்களில் அவர் வழக்கம்போல அழித்திருந்தால் கதை வேறு. அதனால் செயலியில் மேகப் படத்தின் மேல் டிக் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழிக்கும்படி காட்டிக் கொடுத்தோம். இப்போது அதை விடாமல் பார்க்கிறார், நம்மைவிடக் கறாராக.

மீட்டெடுக்கும் ஒத்திகை

2025 பொங்கலுக்கு மகள் கொண்டுவந்த டிஸ்க்கை வைத்து ஒரு சோதனை. வீட்டுப் பெட்டி எரிந்துபோய்விட்டது என்று வைத்துக்கொண்டு, அந்த டிஸ்க்கிலிருந்து மட்டும் ஒரு மடிக்கணினியில் எல்லாவற்றையும் எழுப்ப முயன்றோம்.

கோப்புகள் எல்லாம் வந்தன. பத்திரங்கள் வந்தன, ஒலிநாடாப் பாட்டுகள் வந்தன. படங்களும் வந்தன. ஆனால் இம்மிச்சில் ஆல்பங்கள் எழவில்லை, முகங்களுக்குப் பெரியவர் உட்கார்ந்து வைத்த பெயர்களும் இல்லை. அவையெல்லாம் இம்மிச் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருப்பவை. அதன் ஃபோல்டரும் நகலில் இருந்தது, ஆனால் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்த நகல். அப்படி எடுத்தது பாதி எழுதிய பக்கங்களோடு இருக்கும், திறக்க மறுக்கலாம், மறுத்தது. இப்போது ஞாயிறு இரவு முதலில் டேட்டாபேஸை முறைப்படி ஒரு கோப்பாக இறக்கிவிட்டு, அப்புறம்தான் ரெஸ்டிக் ஓடுகிறது. இரண்டாம் ஒத்திகையில் ஆல்பங்களும் பெயர்களும் வந்தன. பெரியவரின் சித்தப்பாவை அவருடைய தம்பி என்று மென்பொருள் கலந்துவைத்ததை அவர் திருத்தியிருந்தாரே, அந்தத் திருத்தம் உட்பட.

ரெஸ்டிக் கடவுச்சொல் இல்லாமல் அந்த டிஸ்க்குகள் வெறும் இரும்பு. ஒரு தாளில் தமிழில் எழுதி, பெட்டியை எப்படி அணைப்பது, எந்த டிஸ்க் எங்கே இருக்கிறது, கடவுச்சொல் என்ன என்பதையெல்லாம் பத்திரங்கள் இருக்கும் அதே பீரோவில் வைத்தோம். ஒரு நகல் மகளிடம்.

இப்போதைய நிலை

பெட்டியும் எஸ்எஸ்டியும் சேர்ந்து ஒரு முழு ஆண்டின் சராசரி பத்து வாட் சொச்சம். 2025-இல் 500-ஐத் தாண்டிய பில்கள் அதே வெயில் காலத்து இரண்டுதான், அதில் சர்வருக்குப் பங்கு சொற்பம். டெபியனின் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறுகின்றன. இம்மிச்சை மட்டும் தானாக ஏற விடவில்லை. அந்த நாட்களில் அதன் பதிப்புகள் சில, அமைப்பையே மாற்றும்படி கேட்டன. 2025 அக்டோபரில் 2.0 வந்தபிறகு கொஞ்சம் நிம்மதி. ஆனாலும் வெளியீட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு நானே கையால்தான் ஏற்றுகிறேன். 'பார்த்துக்கிற வேலை இருக்கக் கூடாது' என்ற நிபந்தனை பெரியவரைப் பொறுத்தவரை நிறைவேறியது. அந்த வேலை காணாமல் போகவில்லை, என்னிடமும் மகளிடமும் வந்து சேர்ந்தது. இதை முன்பே சொல்லித்தான் தொடங்கினோம்.

மறுபடி செய்வதானால்

பயன்படுத்திய பெட்டி எது வந்தாலும் ஆன் செய்வதற்கு முன்பே பட்டன் செல்லை மாற்றிவிடுவேன். கடையில் வாங்கும்போதே அசல் அடாப்டரோடு கொடுங்கள் என்று கேட்பேன். திரையில் ஏதும் செய்தி வருகிறதா என்று முதல் சில நொடிகளைப் பார்க்க வேண்டும், விண்டோஸ் முகப்பு வந்தபின் பார்த்துப் பயனில்லை. மீட்டெடுக்கும் ஒத்திகையை முதல் மாதத்திலேயே, பழைய டிஸ்க்குகளைத் துடைப்பதற்கு முன் நடத்துவேன். சர்வர் ஒரு நாளுக்கு மேல் பேசாமல் இருந்தால் மகளுக்குச் செய்தி போகும்படியும் வைப்பேன். இப்போது அப்படி வைத்திருக்கிறோம்.

பெட்டித் தேர்வை மாற்ற மாட்டேன். என்100 இன்னும் ஓரிரு வாட் மிச்சம் பிடிக்கலாம். இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட்டுக்கும் குறைவு. அதற்காக 1 டிபி எஸ்எஸ்டியை இழக்க முடியாது.

மிச்சமிருப்பது இடம். 380 ஜிபியில் தொடங்கியது 620-ஐத் தாண்டிவிட்டது, பெரும்பகுதி பேரக் குழந்தையின் வீடியோ. 2025 கடைசியிலிருந்து ராம், எஸ்எஸ்டி விலைகள் ஏறிக்கொண்டிருப்பதால் 2 டிபி வாங்குவதைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். வீடியோக்களைத் தரம் குறைத்துச் சுருக்கலாமா என்று கேட்டதற்கு அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. பாட்டுகளை வேண்டுமானால் டிஸ்க்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்; அதற்குப் பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை.